மஞ்சள் வண்டி எப்ப முடியும்?

அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வைத்து, அதற்கு ஒரு திருகு மூடியும் போட்ட காரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அது எங்கள் மாமாவின் கார். அதற்கு ஃபைபரில் உடுப்புத் தைத்தவர்கள் கடலுக்கு வள்ளம் செய்கிறவர்கள். வள்ளம் என்றால் உள்ளே ஏறுகிற தண்ணீர் வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த ஓட்டையை வைக்காமல் ஒரு சாமானை முடித்துக் கொடுக்க அவர்களுக்கு மனசு ஒப்பவில்லை.

என் பிள்ளைகள் இப்போது கைபேசியில் அந்த மாதிரிப் படங்களைப் பார்க்கிறார்கள். சாதாரண காருக்கு முன்னும் பின்னும் எதையெதையோ ஒட்டி, கோடீஸ்வரர்கள் ஓட்டுகிற பந்தயக் கார் மாதிரி ஆக்கிவிடுகிறார்களாம். "உம்மா, இங்க பாருங்களேன்!" என்று வாயைப் பிளக்கிறார்கள். போங்கடா, உங்கள் உம்மா நாலாம் வகுப்பிலேயே அதற்கு உப்புத்தாள் தேய்த்தவள் என்று சொன்னால் நம்புகிறார்களா என்ன!

மாமா என் உம்மாவின் தம்பி. துபாயில் ஒரு ஒர்க்‌ஷாப்பில், அடிபட்ட கார்களை நெளிவெடுத்துப் பெயின்ட் அடிக்கிற வேலை. அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். தரையோடு தரையாகக் கிடக்கிற ஒரு மஞ்சள் காரில் சாய்ந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்பார். பெயின்ட் காய்ந்து, சொந்தக்காரன் வந்து எடுத்துப் போவதற்குள் பிடித்த படம் அது. எங்கள் வீட்டில் அதை அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருந்தோம். வந்துபோகிறவர்கள் எல்லாம் அது மாமாவின் கார் என்றே நினைத்தார்கள். நாங்களும் இல்லையென்று சொல்லவில்லை.

எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம், கடலோரம். வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளையாவது வெளிநாட்டில் இருப்பார். லீவில் வந்தவரைத் தெருவில் கண்டால் ஊர் இரண்டு கேள்வி கேட்கும். "எப்ப வந்தீய? எப்ப பயணம்?" இரண்டுக்கும் நடுவில் மூச்சுகூட விட மாட்டார்கள். புண்படுத்தக் கேட்பதில்லை, சாப்பிட்டாச்சா என்று கேட்பது மாதிரிதான். அந்தத் தடவை மாமா வந்தபோது, "ரெண்டு மாசம் லீவு" என்று எல்லோருக்கும் சொன்னார். இரண்டு மாதம் போனது. பெருநாள் போனது. ஊர் விடாமல் கேட்டது. மாமா பள்ளிவாசலுக்கே சந்து வழியாகப் போகத் தொடங்கினார்.

அப்புறம் ஒருநாள் ஒரு பழைய வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் நிறுத்தினார். நாலு கதவுள்ள சின்ன கார். ராமநாதபுரத்து டாக்டர் ஒருவர் ஓட்டித் தேய்த்தது. மாமா அலமாரியில் இருந்த போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு வந்து கொட்டகைத் தூணில் ஆணியடித்து மாட்டினார்.

"மருமவளே, இது அது மாதிரி ஆயிரும் பாரு" என்றார். தாய்மாமனுக்கு நான் பிறந்த நாளிலிருந்தே மருமகள்தான்.

"ஆனதும் என்னயப் பாம்பன் பாலத்துல கூட்டிட்டுப் போவீயளா?"

"ஒன்னயத்தான் மொதல்ல. பாலத்து நடுவுல நிப்பாட்டுவோம். அங்கன நிக்குற கூட்டம் பூராம் கடலப் பாக்காம நம்மளப் பாக்கும்."

அந்த வார்த்தை போதாதா எனக்கு! அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டால் கொட்டகைதான். கடற்கரையில் ஃபைபர் வள்ளம் வார்க்கிற அண்ணன் ஒருவரை மாமா கூட்டி வந்தார். தெர்மகோலை அறுத்து ஒட்டி மூக்கும் வாலும் உருவாக்கினார்கள். அதன்மேல் கண்ணாடி நார் விரிப்பை வைத்து, ரெசினைக் குழைத்துப் பூசினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறினால் ராத்திரிச் சோற்றிலும் அதுதான் மணக்கும். நார்த்தூள் பட்டு உடம்பெல்லாம் அரிக்கும். உம்மா தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே என்னைத் திட்டுவாள். மறுநாளும் போய் நிற்பேன்.

"அண்ணே, இம்புட்டுக் கனமாப் போடணுமா?" என்று மாமா கேட்டது நினைவிருக்கிறது.

"கடல்ல எறங்குற சாமானுக்கு எத்தன அடுக்கோ அத்தனையும் போட்டாத்தான் பாய் எனக்குத் தூக்கம் வரும்" என்றார் ஃபைபர் அண்ணன். கார் கடலில் இறங்கப் போவதில்லை என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. பந்தயக் காருக்கு இரண்டே கதவுதான் என்பதால் பின்கதவு இரண்டையும் ஃபைபர் வைத்து ஒரேயடியாக மூடிவிட்டார்கள். பின்சீட்டுக்குப் போக வேண்டுமானால் முன்சீட்டைக் கவிழ்த்துத் தவழ்ந்துதான் போக வேண்டும்.

ஊரே கொட்டகைக்கு வந்தது. லுஹர் தொழுதுவிட்டு வருகிறவர்கள், மீன் வாங்கப் போகிறவர்கள், எல்லோரும் எட்டிப் பார்த்து, பயணத்தை மறந்து ஒன்றையே கேட்டார்கள். "வண்டி எப்ப முடியும்?" மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பட்டிப் பூச்சு காயவில்லை என்பார், வளைவு சரியில்லை என்பார், பூசியதைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசுவார். நன்றாகத்தானே இருக்கிறது என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். மக்ரிப் தொழுகையில் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகவே துஆ கேட்டேன். "யா அல்லாஹ், மாமா வண்டி சீக்கிரம் முடியணும்."

உம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "வேற எதாச்சும் கேளு புள்ள."

அந்தச் சமயத்தில்தான் என் ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, கல்யாணம் கூடியது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவர் வந்து இறங்குகிற அழகை வைத்துத்தான் ஊர் அந்த வீட்டை மதிக்கும். வாப்பாவின் அண்ணன், எங்கள் பெரிய வாப்பா, கொட்டகைக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! மாப்புளய இதுலதான் கூட்டியாரணும். அதுக்குள்ள முடிச்சுப்புடு தம்பி."

மாமாவின் கையில் உப்புத்தாள் அப்படியே நின்றது. வாசலில் நின்ற உம்மா, "அவன அவசரப்படுத்தாதீய மச்சான்" என்றாள். ஒரு நாளும் பெரிய வாப்பாவை எதிர்த்துப் பேசாதவள். பெரிய வாப்பா ஏற்கெனவே நாலு பேரிடம் சொல்லிவிட்டிருந்தார். இனி என்ன செய்வது? மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். கார் முடிந்தது.

என் துஆ பலித்துவிட்டது என்று நான் தெருவெல்லாம் குதித்தேன்.

கல்யாணத்தன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையை அழைக்கப் போனோம். மாமா ஓட்டினார். தவழ்ந்து போகிற உடம்பு எனக்குத்தான் இருந்ததால் பின்சீட்டு முழுக்க என் ராஜ்ஜியம். மாலையும் தலைப்பாகையுமாகப் புது மச்சான் முன்னால் ஏறி உட்கார்ந்தார். "மாலையோட ஏறியாச்சு. பொண்ணு வீட்டு வாசல்லதான் எறங்கணும், நடுவுல எறங்கக் கூடாது" என்று அவருடைய உம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

பார்வைக்குத்தான் அது பந்தயக் கார். உள்ளே இருந்தது டாக்டரின் பழைய இன்ஜின்தான், இருமிக்கொண்டே போனது. முன்னால் தஃப் கொட்டு அடிக்கிறவர்கள் நடந்தார்கள், அவர்களை முந்தவும் அதனால் முடியவில்லை. பள்ளிக்கூடத்து முன்னால் ஒரு வேகத்தடை. காரின் மூக்கு அதைத் தாண்டியது. வயிறு தாண்டவில்லை. வள்ளத்துக் கனம் அத்தனையும் வேகத்தடைமேல் உட்கார்ந்துவிட்டது. இன்ஜின் கத்துகிறது, கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மாமாவின் பிடரியில் வியர்வை வடிவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

"எறங்கிரவா மாமா?" என்றார் மச்சான்.

"அய்யய்யோ, எறங்கிராதீய!" என்று நான் அலறினேன்.

கூட்டத்திலிருந்து ஃபைபர் அண்ணன் வந்தார். கைலியை மடித்துக் கட்டினார். "கரை தட்டுன வள்ளம்தானே, வாங்கடா" என்று ஒரு குரல். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். வள்ளத்துக்குக் கொடுப்பது போலவே இரண்டு பக்கமும் தோள் கொடுத்து, ஒரே மூச்சில் மாப்பிள்ளையோடும் என்னோடும் சேர்த்துக் காரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். தஃப் சத்தம் வானத்தைப் பிளந்தது. எந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையை வண்டியோடு தூக்கி வந்திருக்கிறார்கள், சொல்லுங்கள்! அவமானமாகப் போயிருக்க வேண்டியது, ஊர்ப் பெருமையாகிவிட்டது. மாமா அன்று சிரித்த சிரிப்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆண்கள் பந்தியில் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி மாமாவும் பெரிய வாப்பாவும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சின்னப் பிள்ளை என்பதால் மாமாவின் முதுகில் சாய்ந்துகொண்டு நின்றேன். பெரிய வாப்பா நல்ல கறித்துண்டு ஒன்றை மாமா பக்கம் தள்ளிவிட்டார். பாசமாகத்தான் கேட்டார்.

"வண்டியும் முடிஞ்சிருச்சு. அப்புறம் தம்பி, எப்ப பயணம்?"

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாக்கணும் மச்சான்" என்றார். அந்தக் கறித்துண்டை அவர் தொடவே இல்லை. நான் எடுத்துத் தின்றேன்.

மறுநாள் காலையில் கொட்டகையில் அறுக்கிற சத்தம் கேட்டு ஓடினேன். மாமா காரின் மஞ்சள் மூக்கை அறுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பாம்பன் போகணும்னு சொன்னீயளே மாமா!"

"மூக்குலேருந்து வயிறு வரைக்கும் பதிவா இருக்கு மருமவளே. ஒசத்திக் கட்டணும். பாத்தீல்ல நேத்து?"

"எத்தன நாளாவும்?"

"ஆவும். நல்லா ஆவும்" என்றார். அவ்வளவு நிம்மதியான முகத்தோடு ஒரு மனுஷன் தன் காரை அறுத்து நான் பார்த்ததில்லை. தெருவில் போன ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன பாய், மறுபடியுமா? எப்ப முடியும்?" என்றார். மாமா தலையை நிமிர்த்தி, "இன்னும் நாளாவும்" என்று கணீரென்ற குரலில் பதில் சொன்னார்.

துபாயில் அந்த ஒர்க்‌ஷாப்பையே இழுத்து மூடிவிட்டார்கள் என்பதும், திரும்பிப் போக மாமாவிடம் விசா இல்லை என்பதும், ஊரில் உம்மா ஒருத்திக்கு மட்டும்தான் அது தெரியும் என்பதும் எனக்குத் தெரிய வந்தபோது எனக்கே கல்யாண வயது.

மாமா மூக்கை அறுத்த அன்று மக்ரிபுக்கு வழக்கம்போல உம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை இன்னும் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். கையை ஏந்தி, "யா அல்லாஹ், மாமா வண்டி" என்று ஆரம்பித்ததும் உம்மா என் வாயைப் பொத்திவிட்டாள். கிள்ளவில்லை, திட்டவில்லை. மருதாணி சிவந்த கையால் பொத்தியபடியே தன் துஆவை முடித்தாள். நான் மாமாவுக்கு நல்லதைத்தானே கேட்கிறேன், இது ஏன் உம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.