சிவப்பு அட்டை இல்லாத கூட்டம்

எங்கள் பேச்சு மன்றத்தில் தலைவர் பதவிக்கு ஆள் பிடிப்பது, பிள்ளை பிடிக்கிறவன் வேலைக்குச் சமம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நாகர்கோவிலில் ஒரு அச்சகத்தின் மாடியில் கூடுவோம். ஒரு வக்கீல் வருவார், வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் வருவார், நேர்காணலுக்குத் தயாராகும் பெண்கள் வருவார்கள். எல்லாருக்கும் மேடையில் கால் நடுங்காமல் பேச வேண்டும், அவ்வளவுதான். நான் மட்டும் விடமாட்டேன். "பேசிப் படிச்சா போதுமா? பொறுப்பு எடுத்துப் பாருங்க. செயலாளரா இருங்க, தலைவரா இருங்க. நாலு பேரை அணைச்சு வேலை வாங்கத் தெரிஞ்சாத்தான் படிச்ச பேச்சுக்கு மதிப்பு" என்பேன். உடனே ஒருத்தருக்குத் தலைவலி வரும், இன்னொருத்தர் வீட்டுக்கு விருந்தாள் வருவார். கைதட்டச் சொன்னால் மட்டும் எல்லாருக்கும் கை முளைத்துவிடும்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். அதட்டியே பழகிய வாய். ஆனாலும் என் அதட்டலுக்கு மசியாத ஒருவர் மன்றத்தில் இருந்தார். நெல்வயல் சூழ்ந்த ஊர்க்காரர், திருநீறு பூசாமல் வெளியே இறங்காதவர். பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதி வண்டிகளைக் கிளப்பிவிடும் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மன்றத்திலும் அதே வேலையைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். பேசுகிறவருக்கு எதிரே உட்கார்ந்து முதலில் பச்சை அட்டை காட்டுவார், பிறகு மஞ்சள், நேரம் முடிந்ததும் சிவப்பு. சிவப்பு எழும்பினால் பேச்சு நின்றுவிட வேண்டும். ஒருமுறை சிறப்பு விருந்தினராக வந்த கல்லூரி முதல்வருக்கே சிவப்பைக் காட்டி, பாதி வாக்கியத்தில் உட்கார வைத்தார். மனுஷன் கோபித்துக்கொண்டு டீ குடிக்காமல் போனார்.

"அண்ணாச்சி, இந்த வருஷமாவது தலைவரா நில்லுங்க" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"எனக்கு என்னதுக்கு டீச்சர் அதெல்லாம்? நான் வண்டியை எடுத்து விடுதவன். ஓட்டுதவன் இல்ல" என்று சிரிப்பார்.

போன வருஷம் அவருக்குத் தொண்டை கட்டியது. இருமல் மருந்து, சுக்குக் கஷாயம் என்று நாளைக் கடத்தினார். கடைசியில் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனபோது, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உயிர் இருக்கும், குரல் இருக்காது. அந்தச் சேதி தெரிந்த மறுநாளே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், நான் தலைவருக்கு நிக்கேன்."

குரல் போகப் போகிற மனுஷனுக்கு இப்போதா பதவி? அவரே காரணத்தைச் சொன்னார். தலைவராக வர விரும்புகிறவர் உறுப்பினர்கள் முன்னால் ஏழு நிமிடம் பேச வேண்டும் என்பது எங்கள் மன்றத்து வழக்கம். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் ஞாயிறு. "அன்னைக்கு நான் பேசுதேன். அவளை நீங்க வரச் சொல்லணும். நீங்க சொன்னா கேப்பா."

அவள் என்றால் அவருடைய மகள், என்னிடம் படித்தவள். எங்கள் ஊர் வழக்கப்படி அவளை ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவார். ராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை ஊரில் ஒரு மீனவப் பையனைக் கோவிலில் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டாள். கோவில் என்றால் மாதா கோவில். அப்பா போகவில்லை. அன்றோடு பேச்சு முறிந்தது. வீட்டில் அவருடைய அண்ணன் வைத்ததுதான் சட்டம், அவள் அந்தத் தெருவுக்குள் கால் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

"கோவம் எல்லாம் எப்பவோ ஆறிப்போச்சு டீச்சர். வாய்தான் வரல. வீட்ல நின்னு பேச எனக்கு வராது. மேடையில நின்னா வந்திரும்."

இதைக் கேட்டு நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. அன்றைக்கே அவளுக்குப் போன் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நிறைமாத வயிற்றோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவர் மேடை ஏறினார். கரகரத்த குரல்தான், ஆனால் கேட்டது. அட்டைகளை அன்றைக்கு வளைகுடாக்காரரிடம் கொடுத்திருந்தார். "எனக்குன்னு சலுகை காட்டப்பிடாது, கேட்டியளா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். பஸ் ஸ்டாண்டு கதை ஒன்றை எடுத்தார். கல்யாண வீட்டு ஆட்கள் வண்டிக்குக் குறுக்கே நின்று மாப்பிள்ளையைத் தேடிய கதை. ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த மனுஷன் பேசி ஒருத்தர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. அவருக்கும் அது ருசித்துவிட்டது, கதையை நீட்டினார். பச்சை எழும்பியது, மஞ்சள் எழும்பியது. ஐயோ, விஷயத்துக்கு வாருமே என்று மனசுக்குள் கத்தினேன்.

அப்புறம் நிறுத்தினார். கடைசி வரிசையைப் பார்த்தார்.

"எம் மக வந்திருக்கா. அவகிட்ட நான் ஒண்ணு சொல்லணும். மக்களே, நான்..."

சிவப்பு அட்டை எழும்பியது.

"ஏலே, அதைத் தாழ்த்து!" என்று நான் கத்தினேன். வளைகுடாக்காரர் பதறி அட்டையை மடிக்குள் போட்டார். ஆனால் அண்ணாச்சி பார்த்துவிட்டார். வருஷக்கணக்காக அந்த அட்டைக்கு மற்றவர்களை அடங்க வைத்த மனுஷன். கை தானாகக் குவிந்தது. "நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது. வக்கீல்தான் அன்றைக்கு மதிப்பீட்டாளர். "நேரத்தை மதிப்பதே தலைமைப் பண்பு. அதை வாழ்ந்து காட்டினார்" என்று பாராட்டினார். அந்த வக்கீலின் தலையில் மேசையைத் தூக்கிப் போட வேண்டும் போல் இருந்தது எனக்கு.

கைதட்டலுக்கு நடுவே அவள் எழுந்து படியிறங்கிவிட்டாள். "போங்க அண்ணாச்சி, போய்ச் சொல்லுங்க" என்று நான் அவரை எழுப்பி அனுப்பினேன். பின்னாலேயே நானும் போனேன். கீழே அச்சகத்து வாசலில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பஸ் போயிரும். போ" என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவர் சொந்தக் குரலில் மகளிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

போட்டிக்கு ஆள் இல்லாததால் அவரையே தலைவராக்கினோம். அறுவைச் சிகிச்சை முடிந்து கழுத்துத் துளையை மறைத்துக் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்து தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மணியை அடித்துக் கூட்டத்தைத் தொடங்கினார். முதல் நாளே கரும்பலகையில் எழுதினார்: சிவப்பு அட்டை இனி வேண்டாம். அதை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் தலைவராக இருந்து செய்தது அது ஒன்றுதான். ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி வரிசையைப் பார்ப்பார். அவள் வரவில்லை. பிரசவமாகி, பச்சைப் பிள்ளையோடு மாமியார் வீட்டில் கிடந்தாள். பேரன் பிறந்த சேதியை நான்தான் அவர் காதில் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அந்தப் பிள்ளையை அவர் பார்க்கவே இல்லை. நோய் மறுபடி கிளம்பி நெஞ்சுக்கு இறங்கியது. கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டிலும் அண்ணன்காரர் அவளை உள்ளே விடவில்லை. தெருமுனையில் நின்று, தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். இப்படியும் ஒரு மனுஷப் பிறவி உண்டா!

அவளுக்கு மிச்சம் இருந்தது எங்கள் மாடி ஹால் ஒன்றுதான். மன்றத்தில் இரங்கல் கூட்டம் வைத்தோம். "நான் ரெண்டு வார்த்தை பேசலாமா டீச்சர்?" என்று அவளாகவே போனில் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் வகுப்பு முன்னால் நின்று வாய் திறக்காத பெண். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தாள். அவளை முதலில் பேச விடுங்கள் என்று வக்கீலிடம் சண்டை போட்டேன். அவர்தான் பொறுப்புத் தலைவர்.

"வீட்டாளு கடைசியிலதான பேசணும்? முறைன்னு ஒண்ணு உண்டுல்லா டீச்சர்" என்றார்.

முறையாம் முறை! மற்றவர்களும் அவர் சொன்னதற்கே தலையாட்டினார்கள். ஒவ்வொருவராக ஏறினார்கள். தலைவரின் பண்பு, தலைவரின் பணிவு, தலைவர் தன்னோடு டீ குடித்தது. உயிரோடு இருந்தபோது அவரிடம் ஒரு வார்த்தை பேசாதவர்கள் எல்லாம் உருகினார்கள். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. பச்சை காட்டினார்கள், மஞ்சள் காட்டினார்கள், அதற்கு மேல் காட்ட ஒன்றும் இல்லை. இரண்டு தடவை நான் எழுந்து "சுருக்கிப் பேசுங்க" என்றேன். "இதோ முடிக்கேன் டீச்சர்" என்றார்கள், முடிக்கவில்லை. கடைசியாக வக்கீல் மைக்கைப் பிடித்தார்.

அவள் என் முழங்கையைத் தொட்டாள். "டீச்சர், அத்தை போன் பண்ணிட்டாவ. பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிட்டாம். நான் போறேன்."

"ஆட்டோ பிடிச்சு அனுப்புதேன் மக்களே. இருந்து பேசிட்டுப் போ."

"இல்ல டீச்சர். இவரு எப்ப முடிப்பாரோ."

அவளோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். அவள் ஊருக்குப் போகும் கடைசி வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை எனக்கு.

"என்ன சொல்லணும்னு வந்த மக்களே?"

"அன்னைக்கு அப்பா, பஸ் போயிரும், போன்னு சொன்னாவல்லா டீச்சர். பஸ் போனா போட்டும், நீங்க சொல்லி முடிங்கன்னு நான் நின்னிருக்கணும். நிக்காம போயிட்டேன். அதைத்தான் அவங்க பழகுன மேடையில நின்னு சொல்லணும்னு வந்தேன்."

டைம் கீப்பர் விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது. அவள் கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன்.

திரும்பி வந்து மாடிப் படி ஏறினேன். வக்கீல் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "காலத்தின் அருமை அறிந்தவனே தலைவன்" என்றார். நான் யாரையும் பார்க்கவில்லை. நேரே மேடைக்குப் போய், சுவரில் மைக்குக்குச் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கினேன்.

அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை.