ஸ்டெபினுக்குள் பேசாமலிருக்கும் அம்மா

மம்சாபுரத்தில் அடுப்படிக்குப் பூட்டுப் போட்ட ஒரே வீடு இன்பத்தின் வீடுதான். ஊர் சும்மா விடுமா? "பெத்த பிள்ளைக்குச் சோத்தப் பூட்டி வைக்கிறவள எங்கயாவது பாத்திருக்கியாட்டி?" என்று குழாயடியில் பேசினார்கள். இன்பத்தின் காதுபடவே பேசினார்கள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். ராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடியே பாக்கெட் போடுகிறவளுக்குச் சண்டை போடத் தெம்பு ஏது?

மகன் ஸ்டெபினுக்கு ஒன்பது வயது. பிறந்தபோது துவண்டுபோய்க் கிடந்தான். மார்பில் வாய் வைத்து உறிஞ்சக்கூட அவனால் முடியவில்லை. பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊற்றித்தான் ஆளாக்கினாள். நாலு வயதில் அவனாகப் பசி என்று கேட்டபோது, "கர்த்தாவே, ஸ்தோத்திரம்" என்று அழுதாள். அதற்குப் பிறகு அந்தப் பசி நிற்கவே இல்லை. ஐந்து இட்லி தின்ற கையோடு ஆறாவதுக்கு அழுவான். ஊறவைத்த அரிசியை அள்ளித் தின்பான். எதிர்வீட்டு மாட்டுத்தொட்டியில் கிடந்த சோற்றைக்கூட விடவில்லை. நடிப்பும் இல்லை, அடமும் இல்லை, நிஜமான பசி. அதைத் தெரிந்துகொண்டே பூட்டுப் போடுகிறவளின் வயிறு எப்படி எரிந்திருக்கும், சொல்லுங்கள்! அவன் பார்க்க வயிறாரத் தின்ன மனம் வராமல் அவளும் அரைவயிற்றோடுதான் இருந்தாள்.

அவள் கணவன் சின்னத்துரை தறி மெக்கானிக். எந்தத் தறி எங்கே மக்கர் பண்ணுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். வீட்டு விஷயத்தில் மட்டும் ஒரே தீர்ப்பு: "எங்க வம்சத்துல இப்பிடி ஒருத்தனும் கெடையாது. இது ஒன் பக்கத்துச் சீக்கு."

போன வருஷம் சர்ச்சில் அசனம் நடந்தது. வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்து, சபையே கூடிச் சமைத்து, வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் வயிறு நிறையப் போடுகிற விருந்து அது. கேட்ட பிள்ளைக்கு இல்லை என்று சொல்லவே கூடாது. இன்பம் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பட்டினி கிடக்கிற பிள்ளை என்று பரிதாபப்பட்டு, பந்திக்குப் பந்தி ஸ்டெபினை உட்கார வைத்தார்கள். பரிமாறுவதில் முதல் ஆளான ஞானபாக்கியம் பெரியம்மா அரை வாளிக் கறிக்குழம்பையாவது அவனுக்கு ஊற்றியிருப்பாள். அம்புட்டும் அன்புதான்! சாயங்காலம் வயிறு கல்லாக வீங்கி, வாந்தியும் வராமல், மூச்சு முட்டியது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் இரைப்பை கிழிந்திருக்கும் என்றார்கள்.

அங்கேதான் ஒரு டாக்டரம்மா ரத்தத்தை ஜீன் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"எந்த ஜீனும் நமக்கு ரெண்டு நகலா வருது. அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு. ஆனா சில ஜீன்கள்ல உடம்பு ஒரு நகலைத்தான் வேலை செய்ய விடும். இன்னொண்ணு மேல அடையாளம் வச்சு வாயை அடைச்சிரும். பசி, வளர்ச்சியோட சம்பந்தப்பட்ட இந்த எடத்துல அம்மா நகல் பேசாது, அப்பா நகல்தான் பேசும். எனக்கும் அப்படித்தான், உங்களுக்கும் அப்படித்தான். ஸ்டெபினுக்கு அந்த அப்பா நகல்ல ஒரு துண்டு இல்லை. அதான் எவ்வளவு தின்னாலும் பசி அடங்க மாட்டேங்குது."

சின்னத்துரைக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்ப எம்மேலதான் குத்தமா மேடம்?"

"யார் மேலயும் இல்லை. ஒரே ஒரு விந்தணுவுல தற்செயலா விட்டுப்போச்சு. அதை யாராலயும் தடுத்திருக்க முடியாது."

இன்பம் மெதுவாகக் கேட்டாள். "நான் குடுத்தது?"

"முழுசா இருக்கும்மா. அவன் உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் இருக்கு. பேசாம இருக்கு. உங்களுக்குள்ள பேசுறது உங்க அப்பா குடுத்த நகல். அதையே நீங்க பிள்ளைக்குக் குடுத்திருந்தாலும், கருமுட்டை பழைய அடையாளத்தை அழிச்சிட்டு, அம்மா குடுத்ததுன்னு புதுசா வச்சுத்தான் அனுப்பியிருக்கும்."

அடேயப்பா! பஸ்ஸில் வரும்போது இன்பத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டுக்குள், இது யார் கொடுத்தது என்று நினைவு வைத்திருப்பது எது? தலைமுறைக்குத் தலைமுறை அழித்து அழித்து எழுதுவது யார் கை? டிரைவர், கண்டக்டர், படியில் தொங்குகிறவன், எல்லோருக்குள்ளும் ஒரு தாய் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தூங்கிய மகனின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள். அதிலும் அவள் இருந்தாள், குறையில்லாமல். சந்தோஷமா துக்கமா என்று தெரியாமல் கிருஷ்ணன்கோவில் வரை அழுதாள்.

இந்த வருஷ அசனத்துக்குப் போகவே வேண்டாம் என்றாள் இன்பம். ஊர் மறுபடி அள்ளிப் போட்டால் பிள்ளை பிழைக்க மாட்டான். சின்னத்துரை கேட்கவில்லை. பந்தி தொடங்குமுன் போதகரிடம் மைக்கைக் கேட்டு வாங்கினான். அவன் மைக்கைப் பிடித்து அன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

"எம் மவன் பசிக்குதுன்னு கேப்பான். பொய் சொல்ல மாட்டான், நெசமாவே பசிக்கும். ஆனா குடுத்தா செத்துருவான். இம்புட்டு நாளும் எம் பொஞ்சாதியக் குத்தம் சொன்னேன். அவ குடுத்தது முழுசா இருக்காம். எங்கிட்டருந்து போனதுலதான் துண்டு இல்ல. வேண்டாம், வேண்டாம்னு அவ ஒருத்தியே சொல்லி ஓஞ்சு போயிட்டா. நீங்களும் சொல்லணும்." மைக்கைக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான்.

ஸ்டெபினுக்கு அளந்து ஒரு தடவை வைத்தார்கள். நிமிஷத்தில் இலை காலி. "பெரியம்மா, இன்னும் பசிக்கி" என்று நிமிர்ந்து பார்த்தான். ஞானபாக்கியத்தின் கரண்டி வாளிக்குள் போய்விட்டது.

பெரியம்மா கரண்டியை அப்படியே விட்டாள். "இல்லய்யா. போதும் ராசா." சொல்லும்போதே அவள் வாய் கோணியது. அவன் அடுத்துச் சோற்று வாளியோடு வந்த வெள்ளத்தாயிடம் இலையை நீட்டினான். அவளும் மாட்டேன் என்றாள். அவன் விழுந்து அழுதான். பந்தியில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள், ஒருவரும் ஒரு பருக்கைகூடக் கொடுக்கவில்லை.

ஞானபாக்கியம் வாளியை வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். "நான் இவன வெளிய கூட்டிட்டுப் போறேன். நீ உக்காந்து தின்னுட்டி இன்பம்."

இன்பம் உட்கார்ந்தாள். சோறு வந்தது. வழித்துத் தின்றுவிட்டு, ஊரே பார்க்க, "எனக்கு இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று கேட்டாள்.