வாத்தியாருக்கு ஒரு கரண்டி

மருமகன் பிடிக்கத்தான் கொலாப் வாத்தியாருக்குச் சோறு சேர்க்கிறாளாம். பனிக்கட்டி விற்கிறவன் சொன்னதாக மிதவை ஊர் முழுக்கப் பேச்சு. அவள் காதுக்கும் வந்து சேர்ந்தது. "எனக்கு இருக்கிறது மூணும் பயலுக. யாரைக் கட்டிவைக்கிறதாம்?" என்று சிரித்துக்கொண்டே துடுப்பைத் தள்ளினாள்.

கம்போடியாவின் டோன்லே சாப் ஏரியில் விடிந்ததும் பிக்குகளின் படகு வீடு வீடாகப் பிச்சை ஏற்று வரும். அது திரும்பியதும், அதே வழியில், வீட்டுக்கு ஒரு கரண்டி கேட்டுப் பானையோடு கொலாப்பின் படகு. காற்று மழையென்றால் பானையைத் தலைத்துணியால் போர்த்துவாள், தான் நனைவாள்.

"சாமிக்குப் போட்டா புண்ணியம். வாத்தியாருக்குப் போட்டா என்னடி?" என்பாள் ஒரு வீட்டுக்காரி.

"உம் புள்ள அவன் பேரை எழுதுவான். போடு."

நீலச் சுவரும் மூன்று அறைகளுமாக மிதக்கும் பள்ளி, தலைநகர் நோம்பென் செல்வந்தர் குடும்பம் ஒன்று கொடுத்தது. வாத்தியார்கள்தான் நிலைக்கவில்லை. தரையில் வளர்ந்தவர்கள், தண்ணீர் நடுவே தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டுச் சலித்தார்கள். இரண்டு பேர் புத்தாண்டு விடுமுறைக்குப் போனவர்கள் போனவர்கள்தான். பிள்ளைகள் வலையிழுக்கப் போய்விட்டார்கள். மூன்றாவதாக விசால் வந்த அன்றுதான் கொலாப் பானையை எடுத்தாள்.

இன்னொரு கட்டடம் தரலாமா என்று கேட்க அந்தக் குடும்பத்து மகள் ஒருமுறை வந்தாள். கொலாப்பின் படகிலேயே கடைசி வீடுவரை போனாள். ஊரின் அத்தனை அடுப்பும் ஒரே பானைக்குள் ஆவி பறப்பதைப் பார்த்தாள். அடுத்த மழைக்குள் வந்து சேர்ந்தது கட்டடமல்ல, வாத்தியார் தங்க ஒரு மிதவை வீடு.

"இனிமே சோத்துக்கும் நாங்களே குடுத்துடறோம்க்கா."

"வேணாம்மா. வீடு நீங்க குடுத்தீங்க. சோறாவது எங்களோடதா இருக்கட்டும்."

இன்று புத்தாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் பள்ளி விளிம்பில் காலைத் தொங்கவிட்டுக் காத்திருக்கிறார்கள். நேற்றே வந்திருக்க வேண்டிய விசாலின் வீடு பூட்டியே கிடக்கிறது.

கொலாப் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கியபடி பனிக்கட்டிக்காரன் வீட்டருகே படகை நிறுத்தினாள். விசாலின் போனுக்கு மணி போகிறது, எடுப்பாரில்லை.

"வருவாராக்கா?" அவன் குரலில் கிண்டலே இல்லை. குழம்புச் சட்டியிலிருந்து ஒரு மீன் தலையைக் கரண்டியில் அள்ளினான்.

மணி போய்க்கொண்டே இருந்தது.

கொலாப் கையை நீட்டிக் கரண்டியைத் தடுத்தாள். "தலை வேணாம்டா. நடுத்துண்டாப் போடு. அவருக்கு முள்ளு எடுக்கத் தெரியாது."