மீன் தொட்டி மிஷினுக்கு லீவு கொடுத்தேன்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஐந்தாவது மாதம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் பின் போர்ஷனில் குடியிருந்தோம். என் கணவருக்கு ரயில்வே ஷெட்டில் வேலை. முன் போர்ஷனில் ஒரு சார் இருந்தார். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுப்பவர், கிறிஸ்தவர். அவர் மனைவி பிரசவத்துக்காகப் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்.

சாரின் முன்னறையில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி உண்டு. எல்லோரும் வளர்க்கிற தங்க மீன் இல்லை, கடல் மீன். உள்ளே பவளக் கல், அதில் பூப்போல விரிந்திருக்கும் கடல் சாமந்தி என்கிற உயிர், அதற்குள் புகுந்து புகுந்து விளையாடும் இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டிருக்கும். சார் மாதம் இரண்டு முறை பிளாஸ்டிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வருவார். அவர் மனைவி ஊரிலிருந்து எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் முதல் கேள்வி மீன்களைப் பற்றித்தானாம். கணவர் சௌக்கியமா என்பது அப்புறம்தான்.

தொட்டிக்குக் கீழே மூடி போட்ட உயரமான டப்பா ஒன்று இருக்கும். கப்பலில் வேலை பார்த்த நண்பர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஃபில்டர். ஒரு குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரை உள்ளே இழுத்து, பஞ்சு, கரி, கல் எல்லாவற்றுக்குள்ளும் ஓடவிட்டு, இன்னொரு குழாய் வழியாகச் சுத்தமாக மேலே அனுப்பும். கேனிஸ்டர் ஃபில்டர் என்பார் அவர். எங்களுக்கு அது டப்பா மிஷின்.

சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், பெண் குழந்தை பிறந்திருப்பதாகத் தந்தி வந்தது. சாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்கே ரயிலேறிவிட்டார். கிளம்புமுன் சாவியை என்னிடம் கொடுத்துச் சொன்னார்.

"காலைல ரெண்டு சிட்டிகை, சாயங்காலம் ரெண்டு சிட்டிகை பவுடர் போடுங்க சிஸ்டர். டப்பாவை ஒண்ணும் பண்ண வேண்டாம், அதுபாட்டுக்கு ஓடும். ரொம்ப நேரம் கரண்ட் போச்சுன்னா மட்டும், உள்ள இருக்கற தண்ணியக் கீழ கொட்டிட்டு அப்புறம் போடுங்க."

தலையை நன்றாகத்தான் ஆட்டினேன்.

பூஜையன்று காலையில் வீடே அமர்க்களம். ஷெட்டில் எஞ்சினுக்கெல்லாம் பொட்டு வைத்து மாலை போடுகிறவர் என் கணவர். வீட்டிலும் ஒன்று விடக்கூடாது என்பார். சைக்கிள், சுத்தியல், ஸ்பேனர், என் தையல் மிஷின் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். மறுநாள் புனர்பூஜை முடியும்வரை எதையும் தொடக் கூடாது. அதுகளுக்கு அன்று ஓய்வு. அவர் வேலைக்குக் கிளம்பிப் போனதும், மீனுக்குத் தீனி போடப் போனேன். டப்பா 'ங்ங்' என்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. வருஷம் பூராவும் உழைக்கிற மிஷின், கிறிஸ்தவர் வீட்டில் இருப்பதால் அதற்கு மட்டும் ஒருநாள் லீவு கிடையாதா என்று தோன்றியது. ஸ்விட்சை அணைத்தேன். ஈரத்துணியால் துடைத்து, மூடியில் மூன்று பொட்டு வைத்து, ஒரு சாமந்திப்பூவும் செருகினேன்.

கரண்ட் போனால் என்றுதானே சார் சொன்னார். கரண்ட் எங்கே போனது? நானாக அல்லவா லீவு கொடுத்தேன். என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

சாயங்காலம் பார்த்தபோது மீன்கள் இரண்டும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பொட்டும் பூவும் பார்க்க வந்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் விஜயதசமி. கற்பூரம் காட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். அழுகிய முட்டை நாற்றம் அறையைத் தூக்கியது. மேல் குழாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் தொட்டிக்குள் கொட்டியது. அலறியடித்து அணைப்பதற்குள் தொட்டி முழுக்கக் கலங்கிவிட்டது. கடல் சாமந்தி சுருங்கிப் போயிற்று. மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து நீந்தின. மூலையில் சார் மிச்சம் வைத்திருந்த ஒரு வாளி கடல் தண்ணீர் இருந்தது. மீன் இரண்டையும் டம்ளரால் முகந்து அதில் விட்டேன். அந்த ஒரு வாளி எவ்வளவு நேரம் தாங்கும்?

என் கணவர் டியூட்டிக்குப் போயிருந்தார். எனக்கு அதுவரை தனியாக மார்க்கெட்டுக்குப் போய்க்கூடப் பழக்கமில்லை. காலி கேன் இரண்டையும் எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் கிண்டிக்கும், அங்கிருந்து பஸ்ஸில் அடையாறுக்கும் போய், வழி கேட்டுக் கேட்டுக் கடற்கரைக்கு நடந்தேன். அலையோரம் குனிந்து கேனைப் பிடித்தால் பாதி மண்ணாக வந்தது. இரண்டு தடவை கொட்டிவிட்டு, மூன்றாம் தடவை அழுதுவிட்டேன். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெண் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, கேனைப் புட்ச்சுகினு அழுவுற?"

எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு வைத்ததைக்கூட விடவில்லை. அவர் சிரிக்கவில்லை. கட்டுமரத்தின் அருகில் நின்ற தன் கணவரைக் கூப்பிட்டார்.

"இங்க வாய்யா. மீனு சாவக் கூடாதுன்னு ஒரு பொண்ணு தாம்பரத்துலேந்து வந்துகீது. கரைத் தண்ணி வாணாம், உள்ள போய் நல்ல தண்ணியா மொண்டுகினு வா."

அந்த மனிதர் ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டுமரத்தைத் தள்ளினார். அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போய், கண்ணாடி மாதிரித் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் ஒரு கேனைத் தன் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நடந்தார். மீனைப் பிடித்து விற்றுப் பிழைக்கிறவர்கள், இரண்டு விரல் நீள மீனுக்காக அத்தனை தூரம் மெனக்கெட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வாளியில் ஒரு மீன் செத்து மிதந்தது. இன்னொன்று அடியில் கிடந்து செவுளை அசைத்தது. அண்டாவில் புதுத் தண்ணீரை ஊற்றி அதை விட்டேன். காற்றுக் கலக்க வேண்டுமே என்று, டீ ஆற்றுவதுபோலச் சொம்பால் முகந்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். என் கணவர் வந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டார். மாற்றி மாற்றி ஊற்றினோம். அந்த ஒரு மீன் பிழைத்தது.

இரண்டு நாள் கழித்துச் சார் மிட்டாய் டப்பாவோடு வந்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், நடந்ததை அப்படியே உளறினேன். அவர் கலங்கிக் கிடந்த தொட்டியையும், அண்டாவுக்குள் தனியாகச் சுற்றிய மீனையும் பார்த்தார். தரையில் உட்கார்ந்து டப்பாவின் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்த கறுத்த பஞ்சை எடுத்துக் காட்டினார்.

"இந்தக் கல்லுலயும் பஞ்சுலயும் கண்ணுக்குத் தெரியாத உயிருங்க நிறைய இருக்கு சிஸ்டர். மீனோட அழுக்கைத் தின்னு தண்ணியச் சுத்தம் பண்றது அதுங்கதான். தண்ணி ஓடினாத்தான் அதுங்களுக்கு மூச்சு. ஓட்டம் நின்னா மூடின டப்பாக்குள்ள செத்து அழுகிடும். நான் கரண்ட்டப் பத்தி மட்டும் சொன்னேன், காரணத்தைச் சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்னுதும்தான்."

நான் மிஷினுக்கு ஓய்வு கொடுத்ததாக நினைத்தேன். உயிரின் கழுத்தை அல்லவா நெரித்திருக்கிறேன்.

அவருக்கு வருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம் அவர் அறையில் ரேடியோ சத்தமே கேட்கவில்லை. அப்புறம் மெல்ல மெல்லத் தொட்டியைத் திரும்ப உண்டாக்கினார். புதுக் கடல் சாமந்தி வந்தது, துணைக்கு ஒரு மீனும் வந்தது. நான் அந்த அறைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

டிசம்பரில் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அவர் ஊருக்குக் கிளம்பினார். வாசலில் வந்து நின்று சாவியை என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் கணவர்தான் சங்கடத்தோடு, "வேற யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போங்க சார்," என்றார்.

சார் சிரித்தார். "வேற யாருக்கு சார் இதைப் பத்தித் தெரியும்? இந்தத் தெருவுலயே என்ன செய்யக் கூடாதுன்னு நல்லாத் தெரிஞ்சவங்க இவங்க ஒருத்தர்தான்."

சாவியை வாங்கிக்கொண்டேன். அந்தப் பத்து நாளும் மீன்கள் சௌக்கியமாக இருந்தன. பரவாயில்லை, மறந்துவிடு என்று எனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். நான் பாழாக்கிய அதே பொருளை அதே கையில் திரும்பக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான், அதுவரை உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்த என் கண்ணீரை நிறுத்தியது அந்தச் சாவிதான்.