பின்தலைக்கு ஒரு கை

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வண்டியில் ஏறினால் இறங்கும்வரை கால் பிரேக்கை விட்டு நகராது என்பதால் பயிற்சிப் பள்ளியில் ‘பிரேக்கக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நரையை அவள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த ஒருவன், “மேடம், உங்களுக்குக் கண்ணெல்லாம் நல்லாத் தெரியும்ல?” என்று கேட்ட அன்றைக்கே கடையில் சாயம் வாங்கி வந்தாள். மறுநாள் முகம் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதன்பிறகுதான் மருதாணியும் அவுரியும். டீத்தண்ணீரில் குழைத்து இரும்புச் சட்டியில் ஊறவைத்த மருதாணியை முதலில் பூச வேண்டும். அலசினால் நரையெல்லாம் செம்பட்டையாகியிருக்கும். அதன்மேல் அவுரி இலைப் பொடியைக் குழைத்துப் பூசினால் கறுப்பு ஏறும். முன்பக்கத்தை அவளே பார்த்துக்கொள்வாள். பின்தலைக்குக் கணவன் வர வேண்டும். லிப்ட் மெக்கானிக்கான அவன் கிரீஸ் தடவுவது போலத்தான் தடவுவான். ஆனால் ஓர் இடம் விட்டுப்போகாது.

வீட்டில் அவன் தங்கையும் இருந்தாள். புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து ஒரு வருஷம் இருக்கும். வந்த புதிதில் அடுப்படியில் நடந்த ஏதோ சண்டையில், “கண்ட ஆம்பளைங்களோட வண்டியில சுத்துறவங்கதானே நீங்க” என்று சொல்லிவிட்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. எது வேண்டுமானாலும் நடுவில் இருக்கும் அவன் வழியாகத்தான்.

அவன் வேலையாக வெளியூர் போய் வரத் தாமதமான ஒரு ஞாயிற்றுக்கிழமை. மருதாணி ஊறிவிட்டது. பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடிமுன் நின்று, கையை முதுகுப்பக்கம் வளைத்துத் தடுமாறிக்கொண்டிருந்தாள். பாதி காதில், பாதி சுவரில். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார், ஒன்றும் பேசாமல் வந்து பிரஷை வாங்கிக்கொண்டாள்.

மெதுவான கை. சீப்பின் வாலால் வகிடு வகிடாகப் பிரித்து, வேர்க்காலில் படும்படி பூசினாள். அலசினாள். பிறகு அவுரியையும் அவளே பூசினாள்.

கடைசியாக அலசித் துண்டால் ஒற்றியபோதுதான் நாத்தனார் அலறினாள். “ஐயையோ, பச்சையா இருக்கே அண்ணி!”

அவுரி முதலில் அப்படித்தான் இருக்கும், காற்றுப் பட்டு மறுநாள்தான் கறுக்கும் என்பது பூசிக்கொண்டவளுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நாத்தனார் உடைந்துபோயிருந்தாள்.

“நான் தொட்டாலே எதுவும் உருப்படாது அண்ணி. அன்னிக்கு உங்களை அப்படிச் சொன்னேனே... அது அவர் தினமும் என்னைச் சொன்னது. கடைக்குப் போனா, பஸ்ல வந்தா, எதுக்கெடுத்தாலும் அதே பேச்சு. கேட்டுக் கேட்டு, அதையே எடுத்து உங்க மேல எறிஞ்சிட்டேன்.”

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

“நாளைக்குக் கறுத்துடும். முதல்ல பச்சையாத்தான் இருக்கும்.”

“அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? எனக்கு உயிரே போயிடுச்சு!”

“சொல்லியிருந்தா நீ இவ்வளவு பேசியிருப்பியா?”

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

அடுப்படியில் கேட்ட அந்த வார்த்தை ஒரே நாளில் அவள் மனசை விட்டுப் போய்விடவில்லை. சிக்னலில் நிற்கும்போது இன்றைக்கும் சில சமயம் நினைவுக்கு வரும். ஆனால் அதைச் சொன்னவள் அதை எங்கே வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள் என்பதும் கூடவே வரும். முன்போல் வலிப்பதில்லை.

நாத்தனாருக்கு ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்து, அடுத்த தெருவில் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போனாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அண்ணிக்குப் பூசிவிட்டுப் போகிறாள். பின்தலைக்குப் பூசும் வேலை பறிபோன அண்ணன், கிண்ணத்தில் மிச்சம் இருப்பதை மீசைக்குக் கேட்டுப் பக்கத்திலேயே நிற்கிறான்.