மிளகாய் கருகிய மத்தியானம்

விசுவாசத்தில் என்னோடு கூடப் பிறந்தவர்களே, எனக்கு இருப்பது ஒற்றைக் கண். கோயிலில் நான் எப்போதும் இடப்பக்கச் சுவரை ஒட்டி உட்காருவது அதனால்தான். குருட்டுக் கண் சுவர்ப்பக்கம் இருக்கட்டும், பார்க்கிற கண் பீடத்தைப் பார்க்கட்டும் என்று. "தலைக்கனம் பிடித்தவள், ஒதுங்கி உட்காருகிறாள்" என்று சிலர் பேசிக்கொள்வது என் காதில் விழுந்திருக்கிறது. காது இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன.

இந்த ஒற்றைக் கண்ணும் போயிருக்க வேண்டியது. போகவில்லை. அதை எல்லாருக்கும் சொல் என்று சுவாமியார் சொல்லி வெகு நாளாகிவிட்டது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

இடது கண்ணில்தான் முதலில் புரை விழுந்தது. ஊர் ஊராகப் போய் ஊசியால் புரையைத் தள்ளிவிடுகிற வைத்தியன் ஒருவன் ஓமலூர்ச் சந்தைக்கு வந்திருந்தான். அவனிடம் போய் உட்கார்ந்தேன். குத்தினான், தள்ளினான். அந்த நிமிஷமே வெளிச்சம் தெரிந்தது. அவன் மீசைகூடத் தெரிந்தது. அவனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன், பாருங்கள், என் புத்தியை! அமாவாசை வருவதற்குள் கண் பழுத்து, சீழ் வைத்து, அடியோடு போய்விட்டது.

கொஞ்ச வருஷம் கழித்து வலது கண்ணிலும் புகை படிய ஆரம்பித்தது. நான் ரவிக்கை தைக்கிறவள். ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஒரு கலியாணப் பெண்ணின் ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக் கையாக வெட்டித் தைத்துவிட்டேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அம்மா சொன்னாள், தெருவே கேட்கும்படி சொன்னாள். அன்றைக்குக் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். நான் எப்போதும் அழுதுதான் செபிப்பேன். அழாமல் செபித்தால் சர்வேசுரனுக்கு எட்டாது என்று ஒரு நினைப்பு. "கண்ணில்லாமல் என்னை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்? எடுத்துக்கொள்ளும்" என்று சண்டை போட்டேன். அவர் என் சண்டைக்குப் பழகிப்போனவர்.

மேட்டூரில் அணை கட்டி முடித்த பிறகு வந்த, நாம் கறி தொடாத தபசு காலம் அது. வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் கண்ணுக்கு ஆப்பரேஷன் செய்கிறார் என்று கேள்விப்பட்டு, எங்கள் வீட்டுக்காரர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர். வாய் பேசாத மனுஷன். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அதுவே அவருக்குப் பெரிய பேச்சு.

ஆப்பரேஷன் அன்று என்னைத் தூங்க வைக்கவில்லை. கண்ணில் சொட்டுச் சொட்டாக ஏதோ மருந்து விட்டார்கள். கண் எனக்குச் சொந்தமில்லாதது போல மரத்துப் போயிற்று. பிறகு ஒரு பெரிய வெளிச்சம். கிணற்றுக்கு அடியில் கிடந்துகொண்டு மேலே சூரியனைப் பார்ப்பது போல இருந்தது. அந்த வெளிச்சத்தில் டாக்டரம்மாவின் விரல்கள் மீன் மாதிரி வந்து வந்து போயின. வலி இல்லை. பயமும் எங்கேயோ கரைந்துவிட்டது. யாரோ மெதுவாக என் பேரைச் சொன்னார்கள். அப்புறம் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

கட்டிலில் கிடத்தி, தலை ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்தார்கள். நர்சம்மா வந்து சட்டம் சொன்னாள். தலையைத் திருப்பக்கூடாது. எழுந்திருக்கக்கூடாது. எதையும் மெல்லக்கூடாது, கஞ்சிதான். சிரிக்கக்கூடாது, அழக்கூடாது. தும்மவே கூடாது, இருமவே கூடாது. பலமாக ஒரு இருமல் இருமினால் தையல் பிரிந்து கண் வெளியே வந்துவிடும், அப்புறம் டாக்டரம்மாவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

"மூச்சாவது விடலாமா?" என்று கேட்டேன்.

நர்சம்மா சிரித்தாள். அவள் சிரிக்கலாம், அவளுக்குக் கட்டு இல்லை.

அந்த இருட்டை எப்படிச் சொல்லுவேன்? முதலில் வெறும் கறுப்பு. பிறகு அதற்குள் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ ஊற ஆரம்பித்தது. சாயத் தொட்டியில் நூலை முக்கினால் சாயம் மெல்லப் பரவுமே, அப்படி. சில சமயம் அது சேர்வராயன் மலையாக நிற்கும், மேலே மேகம் நகரும். சில சமயம் நான் தைத்த ரவிக்கைகளெல்லாம் ஒரு நீளக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும், காற்றே இல்லாமல் ஆடும். பகலா, மாலையா, எதுவும் தெரியாது. காகம் கத்தினால் பகல் என்று எடுத்துக்கொள்வேன். என்னைக் கட்டிலோடு சேர்த்து யாரோ ஒரு குளத்தில் மிதக்க விட்டது போல இருந்தது. அழக்கூடாது என்பதால் எனக்குச் செபிக்கவும் தெரியாமல் போயிற்று. செபமாலை மணிகளை மட்டும் விரலால் உருட்டிக்கொண்டு கிடந்தேன்.

அந்தக் குளத்தில் என்னோடு இன்னொரு கட்டிலும் மிதந்தது. அதிலிருந்து ஒரு குரல் வரும்.

"ஏனுங்க, முளிச்சுக்கிட்டு இருக்கறீங்களா?"

"கண்ணைக் கட்டிவிட்ட பிறகு முழிச்சால் என்ன, தூங்கினால் என்ன?" என்றேன்.

"அதுவுஞ் செரிதானுங்க."

பாவாயி அக்காவை நான் அறிந்துகொண்டது இப்படித்தான். மேச்சேரிப் பக்கத்து வெள்ளாமைக்காரி. என்னைவிடப் பெரியவள். ஆடு வைத்திருந்தாள். எனக்கு முந்தின நாள்தான் அவளுக்கு ஒரு கண்ணில் ஆப்பரேஷன் ஆகியிருந்தது. அடுத்த கண்ணை மறு வருஷம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்களாம். அவள் மெதுவான குரலில் தன் ஆடுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். எது சினை, எது நொண்டி, எது அடுத்தவன் சோளக்காட்டில் வாய் வைக்கிற திருட்டு ஆடு. கேட்டுக்கொண்டே கிடந்தால் என் இருட்டுக்குள் அந்த ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து படுத்துக்கொள்ளும். அவற்றின் மூச்சுச் சூடுகூட என் கையில் படுகிற மாதிரி இருக்கும். நான் என் இடது கண் போன கதையைச் சொன்னேன். "அப்பொ உனக்கு இதொண்ணுதானா சாமி?" என்றாள். அதற்கப்புறம் என்னை 'ங்க' போட்டுக் கூப்பிடவே இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் மற்ற நோயாளிகளின் வீட்டு ஆட்களைப் போல ஆஸ்பத்திரி வளாகத்திலேயே மூன்று கல் வைத்துப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். ஒரு நாள் கஞ்சி ஊட்ட வந்தபோது, நாக்குச் செத்துப் போய்விட்டது என்று சலித்துக்கொண்டேன். அவ்வளவுதான் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டு போன மனுஷன், துவையல் அரைத்து என் நாக்கில் துளி வைக்கலாம் என்று மிளகாய் வறுத்திருக்கிறார். காற்றில் அடுப்பு நிற்கவில்லை என்று, சுவர் மறைப்புத் தேடி, எங்கள் வார்டு ஜன்னலுக்கு அடியிலேயே கல்லை வைத்திருக்கிறார். புளி வாங்கிவர யாரிடமோ போன நேரத்தில் சட்டியில் மிளகாய் முழுதும் கருகிவிட்டது.

நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். முதலில் தொண்டையில் ஒரு மயிரிழை உரசினது போல இருந்தது. பிறகு அந்த நெடி வந்து மூக்கில் ஏறியது. வார்டின் அந்தக் கோடியில் கண் கட்டாத யாரோ இருமினார்கள். உடனே இன்னொருவர். ஆட்கள் ஓடுகிற சத்தம், "ஜன்னலைச் சாத்துங்க, சாத்துங்க" என்று கூச்சல். என் தொண்டைக்குள் இருமல் பானையில் பால் பொங்குகிற மாதிரி மேலே மேலே ஏறியது. பல்லைக் கடித்தேன். மூச்சைப் பிடித்தேன். எத்தனை நேரம் பிடிக்க முடியும்? கையைத் தூக்கி மூக்கைப் பொத்தப் போனால் கை தவறிக் கண்கட்டில் பட்டுவிடுமோ என்று பயம்.

"மாதாவே, இந்த ஒரு இருமலை மட்டும் நிறுத்துமம்மா. மாதாவே, மாதாவே" என்று முனகினேன். அழாமல் நான் செபித்த முதல் செபம் அது.

அப்போது என் மூக்கின்மேலும் வாயின்மேலும் ஈரத் துணி ஒன்று வந்து படிந்தது. ஜில்லென்று இருந்தது. அதன்மேல் ஒரு கை அழுத்தாமல் கிடந்தது. அந்த ஈரத்தின் வழியாக மூச்சு உள்ளே வந்தது, காரம் இல்லாமல் வந்தது. பொங்கின பாலில் தண்ணீர் தெளித்தது போல இருமல் அடங்கிக் கீழே போயிற்று. என் இருட்டு முழுவதும் நீலமாகிவிட்டது. நான் மெல்ல மேலே எழும்புவது போலவும், மாதா தம் முந்தானையால் என் முகத்தை மூடியிருப்பது போலவும் தோன்றியது. செத்துவிட்டேன் போல என்று நினைத்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

"பாவாயி! ஐயோ, யார் உங்களை எழுந்திருக்கச் சொன்னது?"

நர்சம்மாவின் அலறலில் நான் கீழே வந்து விழுந்தேன். பாவாயி அக்கா, கண் இரண்டும் கட்டியபடியே எழுந்து, தலைமாட்டுச் செம்பில் முந்தானையை நனைத்து, ஒரு கையால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு, என் முனகலை வைத்தே தடவித் தடவி வந்திருக்கிறாள். அவளை இருவராகப் பிடித்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியிருக்கிறது, பார்வை வருமா வராதா என்று இப்போது சொல்ல முடியாது, இன்னும் அதிக நாள் கட்டோடு அசையாமல் கிடக்க வேண்டும் என்று சொன்னது எனக்கும் கேட்டது.

எல்லாரும் போன பிறகு, "என்னக்கா இப்படிப் பண்ணிட்டே? உன் கண்ணு போயிட்டா?" என்றேன். என் குரல் உடைந்தது.

"எனக்கு இன்னொண்ணு இருக்குது. உனக்கு அது ஒண்ணுதான. அளுவாதே சாமி, படு" என்றாள்.

என் கட்டை அவிழ்த்த அன்று எனக்குப் பார்வை இருந்தது. ஜன்னலும், மரமும், ஜன்னலுக்கு வெளியே குற்றவாளி மாதிரி நின்ற எங்கள் வீட்டுக்காரரும் தெரிந்தார்கள். "நாக்குக்கு ஒறப்பா வெக்கலாம்னுதான்..." என்று அவர் ஆரம்பித்தார். அவரைத் திட்ட வேண்டும் என்று எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தபோது, "துவையல் எங்கே?" என்றுதான் வந்தது.

வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போகமாட்டேன் என்று பாவாயி அக்கா கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுக்கொண்டேன். அவளுக்கு உடன் இருக்க ஆள் இல்லை; மகன் ஆட்டைப் பார்க்கப் போய்விட்டான். கஞ்சி ஊட்டினேன், கால் பிடித்துவிட்டேன். மற்ற நேரமெல்லாம் செபமாலை. எனக்காக ஒரு மணிகூட உருட்டவில்லை. "சர்வேசுரா, நான் கேட்டதை நீர் கொடுத்துவிட்டீர். அதற்கு அவள் கண்ணை எடுத்துக்கொள்ளாதேயும். எடுத்துக்கொண்டால் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் எதைப் பார்ப்பேன்?" இதே செபம்தான், காலையும் மாலையும்.

கடைசியில் அவள் கட்டையும் அவிழ்த்தார்கள். ஜன்னலில் துணி தொங்கவிட்டு வார்டை மங்கலாக்கியிருந்தார்கள். பஞ்சை எடுத்துக் கண்ணைத் துடைத்தார் டாக்டரம்மா. பாவாயி அக்கா இமையைத் திறந்தாள். திறந்தபடியே கிடந்தாள். டாக்டரம்மாவுக்குப் பின்னால் நின்ற எனக்கு உயிரே இல்லை. எத்தனை விரல் என்று கேட்பதற்காக டாக்டரம்மா கையைத் தூக்கினார்.

"ஏஞ் சாமி அளுவறே?" என்றாள் பாவாயி அக்கா. "கண்ணு கெட்டுப் போயிரும். மொதல்ல தொடை."

டாக்டரம்மா தூக்கின கையை அப்படியே கீழே போட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகமெல்லாம் கண்ணீர். நான் அழுவதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது!

அவள் நம் வேதத்துக்கு வந்துவிட்டாள் என்று நான் சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் பொய் சொல்லமாட்டேன். ஊருக்குப் போனதும் காளியாத்தாளுக்குக் கெடா வெட்டினாள். விருந்துக்கு வரச் சொல்லி எனக்கும் ஆள் அனுப்பினாள். தபசு முடியாததால் கறிக்குப் போக முடியவில்லை. பாஸ்குத் திருநாள் முடிந்து ஒரு ரவிக்கை தைத்து எடுத்துக்கொண்டு போய் வந்தேன். இரண்டு கையும் சரியாகவே இருந்தது.

அன்றைக்குத்தான் அவளிடம் கேட்டேன். "என்னை முன்பின் பார்த்ததுகூட இல்லையே அக்கா, எப்படி எழுந்திருக்கத் தோணிச்சு?"

"நீ கூப்புட்டது காதுல உளுந்துது" என்றாள். "உளுந்த பொறவு எப்படிப் படுத்துக் கெடக்கறது?"

உடன்பிறப்புகளே, நான் மாதாவைத்தான் கூப்பிட்டேன். மாதாவுக்குக் கேட்டது என்று இன்றைக்கும் சத்தியமாக நம்புகிறேன். கேட்ட மாதாதான் பாவாயி அக்காவை எழுப்பினார். அன்றிலிருந்து நான் முழங்காலில் நிற்கும்போது என் காரியத்தைக் கடைசியில்தான் சொல்லுகிறேன். முதலில் பக்கத்தில் யாராவது முனகுகிறார்களா என்று காது கொடுக்கிறேன். கேட்டால் எழுந்து போய்விடுகிறேன், செபம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை.

இங்கேயும் மனதுக்குள் எதையோ அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் இருப்பீர்கள். நம்புங்கள், சர்வேசுரனுக்குக் கேட்கும். ஆனாலும் கொஞ்சம் வாய்விட்டே கூப்பிடுங்கள். எங்களுக்கும் கேட்கட்டும்.