வரவேண்டாம் என்று சொன்னவள்

என் அக்காவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. ஜன்னல் இல்லாத அறை, காதில் ஹெட்போன், கைக்கெட்டும் தூரத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க். அவள் "வணக்கம், சொல்லுங்க" என்றால் போதும், எகிறிக்கொண்டு வந்தவர்கூடப் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார். பில் தப்பு என்று திட்டக் கூப்பிட்ட ஒருவர், கடைசியில் "நீ சாப்பிட்டியாம்மா?" என்று விசாரித்துவிட்டு வைத்திருக்கிறார். நான் அவளுக்கு நேர் எதிர். தையல் கடை வைத்திருக்கிறேன். நூல் விற்பவர், பஸ் கண்டக்டர், மாடி வீட்டுக்காரி என்று ஒருத்தரையும் விட்டுவைத்ததில்லை. ஒரே வயிற்றில் எப்படித்தான் பிறந்தோமோ!

கொரோனா வந்து ஊரே கதவைச் சாத்தியபோது, ஸ்கேனுக்குத் தேதி வாங்கியிருந்தவர்களைக் கூப்பிட்டு 'இப்போது வரவேண்டாம்' என்று சொல்லும் வேலை அக்காவுக்கும், பக்கத்து நாற்காலி 'இடி'க்கும் வந்தது. இடி என்பது அவருடைய தொண்டைக்கு மற்றவர்கள் வைத்த பெயர். அவர் "வராதீங்க" என்றதும் ஜனங்கள் கொதித்துப்போய், "டாக்டர்கிட்ட குடுய்யா போனை!" என்பார்கள். டாக்டர் விவரம் கேட்பார். பாதிப் பேரை வரச் சொல்லிவிடுவார். அக்காவிடம் யாரும் சண்டைக்கே வரவில்லை. "சரிம்மா, நீயும் பத்திரமா இரு" என்று வைத்துவிட்டார்கள். மேலதிகாரி அவளை மெச்சிக்கொண்டார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

அவள் கூப்பிட வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. இடது மார்பில் சின்னதாக ஒரு கட்டி. வலி கிடையாது.

"பயப்படாதடி. முக்கால்வாசிக் கட்டி ஒண்ணுமில்லாத கட்டிதானாம். இங்க வந்து அந்த நோயையும் ஏன் வாங்கிக்கணும்? கொஞ்சம் அடங்கட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"சரிக்கா" என்றேன்.

எங்கே அடங்கியது? ஒரு அலை போய் அடுத்தது வந்தது. நான் முகக்கவசமாகத் தைத்துக் குவித்தேன். கட்டி தன் பாட்டுக்கு வளர்ந்தது. அக்குளில் இன்னொன்று தட்டுப்பட்ட பிறகுதான் போனோம். புற்றுநோய் எலும்பு வரைக்கும் போயிருந்தது.

அதே சமயம் அக்கா பேசியவர்களில் இன்னும் சிலர் என்னைப்போலவே முற்றிப்போய் வந்து சேர்ந்தார்கள். இடியிடம் கத்தியவர்களில் பலர் சிகிச்சை முடிந்து வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்த அன்று அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, மருந்து ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

என் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்ப்பாள், தலையணையில் கொட்டிய முடியைப் பொறுக்குவாள், என் முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மேலிடத்துல சொல்லச் சொன்னதைத்தானே சொன்னே? உன்னை யாரு குத்தம் சொன்னா?" என்று கத்துவேன். அவள் தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்ப்பாள். குற்ற உணர்ச்சி அவளை உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த நோயைவிட அதைப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒருநாள் அவளை வைத்துக்கொண்டே டாக்டரிடம் கேட்டேன். "முன்னாடியே வந்திருந்தாலும் இதே கதைதானே டாக்டர்?" கண்ணைக்கூடச் சிமிட்டினேன். அந்த மகராசனுக்குப் புரியவேண்டுமே!

"இல்லம்மா. அப்பவே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருப்போம். அநேகமா அதோட முடிஞ்சிருக்கும்" என்றார். ஒரு பொய் சொன்னால் என்ன, நாக்கா அழுகிவிடும்?

வெளியே வந்ததும் அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெருவுல போறவங்களை எல்லாம் சண்டைக்கு இழுப்பியேடி. அன்னிக்கு என்கூட ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா?"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்க்கா" என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.